வெள்ளி ஏறுகிறது, நானும் ஏறலாமா?

கேள்வி: சேலத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வயது 41. நானும் தம்பியும் நான்கு ஆட்களும் வேலை செய்கிறோம். வியாபாரி கட்டி வெள்ளி கொடுப்பார். கொலுசாக்கி, எடை போட்டுத் திருப்பிக் கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்வோம். எல்லாச் செலவும் போக மாதம் 35,000 ரூபாய் நிற்கும். வெள்ளி விலை ஏற ஏற ஆர்டர் குறைந்துகொண்டே வருகிறது. ஆனால் பக்கத்துப் பட்டறைக்காரர் எம்சிஎக்ஸ் சரக்குச் சந்தையில் வெள்ளி மினி இரண்டு லாட் வாங்கி, மூன்றே வாரத்தில் 1,40,000 ரூபாய் சம்பாதித்துவிட்டார். என் கையில் நாலரை லட்சம் இருக்கிறது. அதில் மூன்று லட்சம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்தது; ஜூனில்தான் தேவைப்படும். மூன்று லாட் வாங்கி, பத்து நாள் மட்டும் வைத்திருந்துவிட்டு வெளியே வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். வேண்டுமானால் மனைவியின் நகையை அடகு வைத்து இன்னொரு லாட்டும் வாங்க முடியும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இருபது வருடமாக வெள்ளியோடு புழங்குகிறேன்; எனக்குத் தெரியாத சரக்கு இல்லை. விலை இன்னும் ஏறுமா? இப்போது வாங்கலாமா?

பதில்: நண்பரே, உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். விலை ஏறினால் கொலுசு வாங்க வருபவர்கள் எடையைக் குறைப்பார்கள், அல்லது அடுத்த விசேஷத்துக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று போய்விடுவார்கள். ஊரே வெள்ளியில் சம்பாதிப்பதுபோல் தெரியும் நேரத்தில், வெள்ளியையே தொட்டு வேலை செய்கிற உங்கள் பட்டறையில் மட்டும் வேலை குறைகிறது. அந்த வேதனையில் இருக்கும்போது பக்கத்துப் பட்டறையிலிருந்து ஒன்றே கால் லட்சத்துக்கு மேல் சம்பாதித்த செய்தி வந்தால் யாருக்கும் தூக்கம் கெடும். உங்களைப் பேராசைக்காரர் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் என் பதில் முதல் பத்தியிலேயே இருக்கட்டும்: இந்த மூன்று லாட்டை வாங்காதீர்கள். மகளின் பணத்தைத் தொடாதீர்கள். நகைப் பேச்சே வேண்டாம்.

விலை இன்னும் ஏறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியாது. இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். அடுத்த பத்து நாளில் வெள்ளி எந்தப் பக்கம் போகும் என்று உறுதியாகச் சொல்லக்கூடிய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. ஏறுவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. உலகில் விற்கும் வெள்ளியில் பாதிக்கு மேல் இப்போது தொழிற்சாலைகளுக்குப் போகிறது. சூரிய மின்தகடுகளுக்கு மட்டுமே அதில் கணிசமான பங்கு வேண்டியிருக்கிறது. வெள்ளியின் பெரும்பகுதி ஈயம், துத்தநாகம், தாமிரம், தங்கம் ஆகியவற்றைத் தோண்டும்போது கூடவே கிடைப்பது. அதனால் விலை இரட்டிப்பானாலும் சுரங்கக்காரர்கள் வெள்ளியை மட்டும் இரண்டு மடங்காக எடுத்துவிட முடியாது. இவையெல்லாம் உண்மை. ஆனால் இவை இன்று எல்லோருக்கும் தெரிந்த உண்மைகள். நீங்கள் கொடுக்கப்போகும் விலையில் இவை முன்பே கலந்திருக்கின்றன. பத்து வருடக் காரணத்தைக் காட்டிப் பத்து நாள் வியாபாரம் செய்ய முடியாது. ஏறும் விலையைத் துரத்த விரும்பும் பலர் செய்யும் முதல் தவறு இதுதான்.

வெள்ளி உங்களுக்குத் தெரிந்த சரக்கு என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். கட்டியைக் கையில் எடுத்ததும் அதன் டச், அதாவது தூய்மை, என்ன என்று உங்கள் கண்ணும் விரலும் சொல்லிவிடும். எனக்கு அது ஆயுள் முழுவதும் வராது. ஆனால் நீங்கள் வாங்கப்போவது வெள்ளியின் பெயரில் இருக்கும் ஓர் ஒப்பந்தம். அதன் குணம் வேறு. அதைத்தான் நாம் இருவரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வெள்ளி மினி ஒரு லாட் என்றால் 5 கிலோ. கணக்குக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிலோ 2 லட்சம் ரூபாய் என வைத்துக்கொள்வோம். ஒரு லாட்டின் மதிப்பு 10 லட்சம். அதற்கு நீங்கள் முன்பணமாகக் கட்டும் மார்ஜின் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இது நாளுக்கு நாள் மாறும், அதைப் பிறகு சொல்கிறேன். மூன்று லாட் என்றால் 15 கிலோ, 30 லட்சம் ரூபாய்ச் சரக்கு. உங்கள் நாலரை லட்சம் முழுவதும் மார்ஜினுக்கே போய்விடும். கிலோவுக்கு 1,000 ரூபாய் இறங்கினால், அதாவது வெறும் அரை சதவீதம் இறங்கினால், உங்களுக்கு 15,000 ரூபாய் நஷ்டம். வெள்ளிக்கு அரை சதவீதம் என்பது நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் நடக்கும் அசைவு. உங்கள் அரை மாத வருமானம் அந்த டீ ஆறுவதற்குள் போய்த் திரும்பி வந்து மறுபடி போகும். ஐந்து சதவீதம் இறங்கினால் ஒன்றரை லட்சம். பதினைந்து சதவீதம் இறங்கினால் நாலரை லட்சமும் காலி.

ஆனால் பதினைந்து சதவீதம் இறங்கும்வரை யாரும் உங்களைக் காத்திருக்க விடமாட்டார்கள். பியூச்சர்ஸில், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசும் இந்த வகை ஒப்பந்தங்களில், அன்றன்றைய லாப நஷ்டம் அன்றன்றே கணக்கில் தீர்க்கப்படும். மொத்தப் பணமும் மார்ஜினில் மாட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு சதவீதம் இறங்கினாலே 30,000 ரூபாய் கொண்டு வா என்று தரகு நிறுவனத்திலிருந்து அழைப்பு வரும். கட்டாவிட்டால் அவர்களே உங்கள் லாட்டை விற்றுவிடுவார்கள். மறுநாள் விலை ஏறினாலும் உங்களுக்கு அதில் பங்கு இல்லை. வெள்ளி ஏறும் என்ற உங்கள் கணிப்பு பத்தாவது நாளில் சரியாக முடியலாம். நீங்கள் இரண்டாவது நாளே வெளியே தள்ளப்பட்டிருப்பீர்கள். பட்டறையில் கட்டி வெள்ளியை அலமாரியில் வைத்துப் பூட்டினால் விலை இறங்கி ஏறும்வரை அது அங்கேயே இருக்கும். இந்த ஒப்பந்தத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. நீங்கள் இருபது வருடமாக அறிந்த சரக்குக்கும் இதற்கும் இருக்கும் பெரிய வேறுபாடு இதுதான்.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2011-ல் நான் ஈரோட்டில் ஒரு கமாடிட்டி தரகு நிறுவனத்தின் கிளையில் இருந்தேன். மார்ஜின் குறைந்தவர்களுக்குப் போன் செய்வது என் வேலைகளில் ஒன்று. அந்த ஏப்ரலில் வெள்ளி பேயாட்டம் ஆடியது. வெளிநாட்டில் ஓர் அவுன்ஸ், அதாவது சுமார் 31 கிராம், 50 டாலரை நெருங்கியது. இங்கே எம்சிஎக்ஸில் கிலோ 73,000 ரூபாயைத் தாண்டியது. மஞ்சள் வியாபாரத்தைத் தவிர வேறெதுவும் தெரியாதவர்கள்கூட வெள்ளி விலை கேட்டுக் கிளைக்கு வந்தார்கள். விசைத்தறி வைத்திருந்த ஒருவர் 70,000 ரூபாய் அளவில் பெரிய லாட் ஒன்று வாங்கினார். பெரிய லாட் 30 கிலோ. அவரும் சில நாட்கள்தான் வைத்திருப்பேன் என்றுதான் சொன்னார்.

மே 2, திங்கட்கிழமை. நாமெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த விடியற்காலை நேரத்தில், வெளிநாட்டுச் சந்தையில் சில நிமிடங்களுக்குள் வெள்ளி ஏறத்தாழ 12 சதவீதம் விழுந்தது. காலையில் எங்கள் சந்தை திறந்தபோது விலை தாழத்தான் திறந்தது. நடுவில் எங்கும் விற்க வழியே இல்லை. நஷ்டத்தைத் தடுக்க ஒரு விலையில் ஸ்டாப் லாஸ் போட்டு வைத்திருந்தவர்களுக்கும் அந்த விலை கிடைக்கவில்லை. அதற்குக் கீழே எது கிடைத்ததோ அதில்தான் விற்றது. நீங்களும் ஸ்டாப் லாஸ் போட்டுக்கொள்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அது நல்ல பழக்கம். ஆனால் அது ஒரு கதவு. விலை சில நாள் சுவரை உடைத்துக்கொண்டு வரும்.

அந்தத் தறிக்காரருக்கு நான் போன் செய்தேன். பணம் கட்டுங்கள் என்றேன். கட்டினார். செவ்வாய்க்கிழமை மறுபடி செய்தேன். மறுபடி கட்டினார், எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. வாரம் முடியும்போது வெள்ளி 55,000 ரூபாய்க்கும் கீழே இருந்தது, அவருக்குப் போனது ஐந்து லட்சத்துக்குக் கிட்டத்தட்ட. வெளியே வந்துவிடுங்கள், இது போதும் என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். அது என் வேலை இல்லை என்று அப்போது நினைத்தேன். பிறகு அந்த வேலையை விட்டதற்கு அந்த வாரமும் ஒரு காரணம். உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவதற்கும் அதுதான் காரணம்.

அந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கியமான பின்னணி உண்டு. அமெரிக்காவில் வெள்ளி பியூச்சர்ஸ் நடக்கும் சிஎம்இ சந்தை, ஏப்ரல் கடைசியிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் ஐந்து முறை மார்ஜினை உயர்த்தியது. முன்பணத்தை உயர்த்தினால் கடன் வாங்கி உட்கார்ந்திருப்பவர்கள் பாதிச் சரக்கை விற்றுத்தான் மீதியைக் காப்பாற்ற முடியும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை விழும், விழுந்தால் இன்னும் மார்ஜின் வேண்டும், இன்னும் விற்பார்கள். இது புதிதும் இல்லை. 1979 தொடக்கத்தில் 6 டாலரைச் சுற்றி இருந்த வெள்ளி, டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் வாங்கிக் குவித்ததில் 1980 ஜனவரியில் 50 டாலர்வரை போனது. அந்த மாதமே நியூயார்க் சந்தை விதிகளை மாற்றி, கடன் மார்ஜினில் புதிதாக வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. மார்ச் 27-ஆம் தேதி விலை 10.80 டாலர். உலகத்தின் பெரும் பணக்காரர்களில் சிலராக இருந்தவர்களாலேயே அன்று மார்ஜின் அழைப்புக்குப் பணம் கட்ட முடியவில்லை.

ஆகவே மார்ஜின் ஒன்றரை லட்சம் என்று நான் மேலே எழுதியதை நிலையான எண்ணாக எடுத்துக்கொள்ளாதீர்கள். விலை வேகமாக ஏறும் காலத்தில்தான் சந்தைகள் மார்ஜினை உயர்த்தும். விலை உங்களுக்குச் சாதகமாகவே போய்க்கொண்டிருந்தாலும், ஒரு சுற்றறிக்கை வந்தால் மறுநாள் கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும். முழுப்பணத்தையும் முன்பே போட்டுவிட்ட உங்களிடம் அன்று என்ன இருக்கும்? அப்போதுதான் நகை நினைவுக்கு வரும். நீங்கள் நாலாவது லாட் வாங்க நகையை நினைக்கிறீர்கள். என் அனுபவத்தில் அந்த நகை முதல் மூன்று லாட்டைக் காப்பாற்றத்தான் போகும்.

பழைய கதை என்று ஒதுக்கவும் வேண்டாம். 2025 அக்டோபரில் வெள்ளி ஒருவழியாக 1980-ன் உச்சத்தைத் தாண்டியது. 45 வருடக் காத்திருப்பு. நம் நாட்டில் தீபாவளிக்கு முன் கட்டி வெள்ளிக்கே தட்டுப்பாடு வந்ததை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். பங்குபோலச் சந்தையில் வாங்கி விற்கும் வெள்ளி பண்டுகளான இடிஎஃப்களின் விலை, அவற்றுக்குள் இருக்கும் வெள்ளியின் மதிப்பைவிடப் பல சதவீதம் அதிகமாகப் போனது. சில பண்ட் நிறுவனங்கள் வெள்ளித் திட்டங்களில் ஒரே தடவையில் மொத்தத் தொகையாகப் பணம் வாங்குவதை நிறுத்தி வைத்தன. அதாவது விற்கிறவர்களே இப்போது வாங்காதீர்கள் என்று கதவைச் சாத்தினார்கள். 54 டாலரைத் தொட்ட விலை, தீபாவளியை ஒட்டிய ஒரே நாளில் ஏழு சதவீத அளவுக்கு விழுந்து 50 டாலருக்குக் கீழே போனது. அதே வருடம் பிற்பாடு விலை மீண்டும் ஏறியது என்பதும் உண்மை. அதை மறைத்துவிட்டு உங்களுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். உச்சத்தில் கட்டி வெள்ளி வாங்கி வைத்தவர் மீண்டார். உச்சத்தில் மூன்று லாட்டை முழு மார்ஜினில் வாங்கியவர் அந்த ஏழு சதவீதத்திலேயே பாதிப் பணத்தை இழந்திருப்பார், மீட்சியைப் பார்க்க அவர் சந்தையில் இருந்திருக்க மாட்டார்.

2011-ல் வாங்கியவர்களின் கதி வேறு. 73,000 ரூபாயை ரூபாய்க் கணக்கில் மறுபடி பார்க்க 2020 ஆகஸ்ட் ஆனது. நடுவில் விலை பாதிக்கும் கீழே போயிற்று.

இன்னொன்று, இது நம் நாட்டுக்கே உரியது. இங்கே வெள்ளி விலை வெளிநாட்டு விலையால் மட்டும் தீர்மானமாவதில்லை. டாலர் மதிப்பும் இறக்குமதி வரியும் அதில் உண்டு. 2024 ஜூலை 23-ஆம் தேதி பட்ஜெட்டில் வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். வெளிநாட்டில் ஒன்றும் நடக்காமலேயே இங்கே அன்று கிலோவுக்குச் சில ஆயிரம் ரூபாய் இறங்கியது. எந்த விலை வரைபடமும் அதை முன்கூட்டிக் காட்டவில்லை.

பக்கத்துப் பட்டறைக்காரரின் 1,40,000 ரூபாயைப் பற்றி. பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு லாட் பத்து கிலோ. கிலோவுக்கு 14,000 ரூபாய் ஏறியிருந்தால் அந்தத் தொகை வரும். அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: அந்தப் பணத்தை வங்கிக் கணக்குக்கு எடுத்துவிட்டாரா, அல்லது அதையே மார்ஜினாக வைத்து மேலும் லாட் சேர்த்திருக்கிறாரா? ஏறும் சந்தையில் பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் செய்வார்கள். இரண்டு லாட்டுக்கு ஏற்றத்தில் வந்த லாபம், ஐந்து லாட்டுக்கு இறக்கத்தில் போக ஏற்றத்தில் பாதி தூரம்கூடத் தேவையில்லை. அவர் வெற்றி உங்களுக்குத் தெரிகிறது. அதே மூன்று வாரத்தில் உங்கள் ஊர்ச் செவ்வாய்ப்பேட்டையில் நஷ்டப்பட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் டீக்கடையில் அதைப் பேசமாட்டார். சந்தைகளைக் கண்காணிக்கும் அமைப்பான செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. பங்குச் சந்தையின் பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஈடுபட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அது பங்குகளைப் பற்றிய ஆய்வு, வெள்ளியைப் பற்றியது இல்லை. ஆனால் கடன் மார்ஜின், குறுகிய காலம், சிறு முதல் என்ற மூன்றும் அங்கும் இங்கும் ஒன்றே.

பத்து நாள் திட்டத்தைப் பற்றியும் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் பத்து நாள் என்று இருக்கிறது. எந்த விலையில் லாபத்தோடு வெளியே வருவீர்கள், எந்த விலையில் நஷ்டத்தோடு வெளியே வருவீர்கள் என்று இல்லை. நாள் கணக்கு மட்டும் வைத்திருப்பவர், ஒன்பதாம் நாள் நஷ்டத்தில் இருந்தால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்பார். லாபத்தில் இருந்தாலும் இன்னும் ஒரு வாரம் என்பார். ஒப்பந்தத்துக்கோ முடிவு மாதம் உண்டு. மினியும் அதைவிடச் சிறிய மைக்ரோவும்கூடச் சரக்கை எடுத்தே தீர வேண்டிய ஒப்பந்தங்கள்தான். முடிவு நெருங்கும்போது மார்ஜின் கூடும். சரக்கெடுக்க விருப்பமில்லாதவரை அதற்கு முன்பே வெளியேறச் சொல்வார்கள், அல்லது அடுத்த ஒப்பந்தத்துக்குச் செலவு செய்து மாற்ற வேண்டும். சந்தை காலை 9 மணிக்குத் திறந்து இரவு பதினொன்றரை வரையோ, சில மாதங்களில் அதற்கும் மேலோ நடக்கிறது. பெரிய அசைவுகள் அமெரிக்கா விழித்திருக்கும் இரவில்தான் நடக்கும். பகல் முழுவதும் பற்றவைக்கும் வேலை பார்த்துவிட்டு இரவு முழுவதும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், மறுநாள் நெருப்புக்கு முன்னால் உட்காரும் கைக்கு அது நல்லதில்லை.

இனி உங்கள் நிலையில் எனக்கு முக்கியமாகத் தோன்றும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காமலேயே உங்கள் கடிதத்தில் நியாயமான ஒன்று ஒளிந்திருக்கிறது. விலை ஏறினால் உங்கள் கூலி வருமானம் குறைகிறது. விலை ஏறினால் உங்களுக்கு எங்காவது லாபம் வர வேண்டும் என்று மனம் தேடுகிறது. அந்தத் தேடல் சரிதான். பெரிய நகை உற்பத்தியாளர்களும் விலை அசைவால் தங்கள் தொழில் அடிபடாமல் இருக்க இதே பியூச்சர்ஸைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அவர்கள் கையில் இருக்கும் சரக்கின் அளவுக்குச் செய்கிறார்கள். உங்கள் பட்டறையில் உங்களுக்கென்று சொந்தமாக ஒரு கிலோ வெள்ளிகூட இல்லை, முழுவதும் வியாபாரியுடையது. நீங்கள் எடுக்க நினைப்பதோ பதினைந்து கிலோவின் அபாயம்.

அந்த நியாயமான தேவைக்குச் சிறிய, மெதுவான வழி ஒன்று உண்டு. சொந்தமாகக் கொஞ்சம் வெள்ளி சேருங்கள். உங்கள் வட்டாரத்தில் உங்களுக்குக் கட்டி வெள்ளி சந்தை விலைக்கு மிக அருகில் கிடைக்கும். மூன்று சதவீத ஜிஎஸ்டி தவிர, கடையில் நகை வாங்குகிறவருக்கு விழும் செய்கூலியும் சேதாரமும் உங்களுக்குக் கிடையாது. மாதம் நிற்கும் 35,000 ரூபாயில் ஐந்தாயிரமோ பத்தாயிரமோ, இயன்றதை மட்டும் ஒதுக்குங்கள். இந்த மாதம் விலை ஏறியிருக்கிறதே என்று கூட்டவும் வேண்டாம், இறங்கியிருக்கிறதே என்று நிறுத்தவும் வேண்டாம். அரைக் கிலோ சேர்ந்ததும் அதில் சொந்தக் கொலுசு செய்து நேராக விற்றுப் பாருங்கள். கூலியோடு நிற்காமல் சரக்கின் லாபமும் உங்களுக்கு வரும். விலை இறங்கினால் அந்த வெள்ளியின் மதிப்பும் இறங்கும், உண்மைதான். ஆனால் விலை இறங்கும்போது ஆர்டர் கூடும் என்பது உங்கள் அனுபவம். ஒரு கை இழப்பதை இன்னொரு கை பிடிக்கும். யாரும் இரவில் போன் செய்து அந்த வெள்ளிக்கு மேலும் பணம் கேட்கமாட்டார்கள். வெள்ளியை இருபது வருடமாக அறிந்தவருக்கு அந்த அறிவு உதவும் இடம் இது.

கட்டியைப் பாதுகாக்க முடியாது என்றால் வெள்ளி இடிஎஃப் இருக்கிறது. வாங்கும் நாளில் அதன் சந்தை விலையை, அதற்குள் இருக்கும் வெள்ளியின் மதிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். பண்ட் நிறுவனத்தின் இணையதளத்தில் ஐநாவ் என்று அந்த மதிப்பு அன்றன்று ஓடிக்கொண்டிருக்கும். வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கு மேல் இருந்தால் அன்று வாங்காதீர்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு வருகிறேன். மகளின் மூன்று லட்சத்தை ஜூனுக்குள் முதிர்வடையும் வங்கி வைப்பில் போடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. கலந்தாய்வு முடிந்து கட்டணம் கட்டக் கல்லூரி கொடுப்பது சில நாள்; அந்தச் சில நாளில் வெள்ளி எங்கே இருக்கிறது என்று கல்லூரி கேட்காது. மீதி ஒன்றரை லட்சம், ஆர்டர் குறைந்துவரும் இந்த நேரத்தில் உங்கள் பட்டறைக்கும் வீட்டுக்கும் நாலைந்து மாத மூச்சு. நான்கு ஆட்களுக்கு நீங்கள் சம்பளம் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒரு மாதம் வேறு பட்டறைக்குப் போய்விட்டால், ஆர்டர் திரும்பி வரும்போது கை தேர்ந்த ஆள் கிடைப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கே தெரியும்.

இவ்வளவு சொன்ன பிறகும் ஒருமுறை செய்து பார்க்காமல் மனம் அடங்காது என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வெள்ளி மைக்ரோ என்று ஒரு கிலோ ஒப்பந்தம் இருக்கிறது. கிலோவுக்கு 1,000 ரூபாய் அசைந்தால் உங்களுக்கு 1,000 ரூபாய்தான் அசையும். மாதச் சேமிப்பிலிருந்து, எத்தனை மாதம் ஆனாலும் பரவாயில்லை, மார்ஜினைப்போல மூன்று மடங்கு பணம் சேர்ந்த பிறகு ஒரே ஒரு லாட். 20,000 ரூபாய் நஷ்டம் வந்தால் வெளியே என்று வாங்குவதற்கு முன்பே தாளில் எழுதி வையுங்கள். லாபத்துக்கும் ஒரு விலை எழுதுங்கள். லாபம் வந்தால் அதை வைத்து இரண்டாவது லாட் வாங்காதீர்கள். அதற்குள் இந்த ஏற்றம் முடிந்துபோயிருந்தால் முடிந்துபோகட்டும். வெள்ளி வேறொரு நாள் மறுபடி ஏறும். நான் பரிந்துரைக்கிறேன் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். பதினைந்து கிலோவில் கற்பதை ஒரு கிலோவில் கற்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

கணக்கு தொடங்கினால் செபியில் பதிவுபெற்ற தரகரிடம் மட்டும் தொடங்குங்கள். ஒவ்வொரு வர்த்தகத்துக்கும் ஒப்பந்தச் சீட்டு வர வேண்டும், சந்தையிலிருந்து குறுஞ்செய்தி வர வேண்டும். கணக்கே வேண்டாம், மார்ஜினும் குறைவு, ரொக்கமாகத் தீர்த்துக்கொள்ளலாம் என்று யாராவது வந்தால் அது டப்பா வர்த்தகம். சட்டவிரோதம். ஜெயித்தால் அவர் பணம் தரவேண்டிய கட்டாயம் இல்லை, தோற்றால் உங்களை விடமாட்டார். ஊரில் விலை ஏறும் காலத்தில்தான் இவர்கள் பட்டறை பட்டறையாக வருவார்கள்.

நான் வேண்டாம் என்று சொல்லி, அடுத்த பத்து நாளில் வெள்ளி இன்னும் ஏறலாம். அப்படி ஏறினால் உங்களுக்கு என்மேல் கோபம் வரும். அது நியாயம்தான், எழுதுங்கள், படிக்கிறேன். அப்போதும் என் பதில் மாறாது. ஏறியிருந்தாலும் அது உங்கள் மகளின் கட்டணத்தை வைத்து ஆடியிருக்க வேண்டிய ஆட்டம் இல்லை.

கடைசியாக, வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். இன்று இரவு பட்டறையைப் பூட்டியதும் மனைவியிடம் சொல்லுங்கள். லாபக் கணக்கை மட்டும் சொல்லாமல், 15 கிலோ, 30 லட்சம், ஐந்து சதவீதம் இறங்கினால் ஒன்றரை லட்சம் என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். நகை அவருடையது. மகள் உங்கள் இருவருடையவள். அவர் வேண்டாம் என்று சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.